விட்டதைப் பிடிக்கப் போகாமல் டிரேட் செய்வது எப்படி

காலை 9.40-க்கு ஸ்டாப்லாஸ் (நஷ்டம் குறித்த அளவைத் தொட்டதும் விற்றுவிடும் ஆர்டர்) அடிக்கிறது. போனது ரூ.1,600. 9.43-க்கு அதே ஆப்ஷனில் (குறித்த நாளுக்குள் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) இரண்டு லாட் (உடைக்காமல் வாங்க வேண்டிய கட்டு) வாங்கியாகிவிட்டது. வாங்கியதற்குக் காரணம் சார்ட்டில் எங்கும் இல்லை. போன 1,600 தான் காரணம். அதுவும் இறங்குகிறது. இந்த முறை ஸ்டாப்லாஸ் போடவே மனம் வரவில்லை. 11 மணிக்குள் கணக்கில் 14,000 குறைந்திருக்கும். முதல் 1,600 இந்தத் தொழிலின் செலவு, அதைத் தவிர்க்க யாராலும் முடியாது. மீதி 12,400 மனம் செய்த செலவு. அதைக் குறைக்கும் வழிகள்தாம் கீழே வருபவை. நிஃப்டி ஆப்ஷனிலும் பங்குகளில் இன்ட்ராடேயிலும் (அன்றே வாங்கி அன்றே விற்பது) சொந்தப் பணத்தை வைத்து டிரேட் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

களம் எப்படிப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கம் வந்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். செலவுகளையும் சேர்த்தால் ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் அதற்குப் பிறகும் விடாமல் டிரேட் செய்துகொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த இன்ட்ராடே ஆய்வில் 2022-23-இல் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம். ஆண்டுக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களை மட்டும் எடுத்தால் அது 80 சதவீதம். கை எவ்வளவு அதிகமாக ஓடுகிறதோ, அவ்வளவுக்குப் பணமும் ஓடுகிறது.

‘கட்டுப்பாடாக இருக்க வேண்டும்’ என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், 9.15 முதல் 3.30 வரை அந்தச் சொல் வேலை செய்யாது. சிவப்பு எண் கண்முன் மாறிக்கொண்டிருக்கும்போது யோசிப்பவர் முந்தின இரவு யோசித்தவர் இல்லை. ஆகவே முடிவுகளையெல்லாம் சந்தை மூடியிருக்கும்போதே எடுத்துவிட்டு, சந்தை நேரத்தில் மாற்ற முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். பொறுமை என்பது பெரும்பாலும் இந்தப் பூட்டு வேலைதான்.

முதல் வேலை: தொகையைச் சுருக்குவது

பதற்றம் வருவதற்கு முக்கியக் காரணம், தாங்க முடியாத அளவுக்கு ஒரே டிரேடில் பணம் இருப்பது. அளவு சரியாக இருந்தால் பாதிப் பதற்றம் தானாகப் போய்விடும்; தியானமோ மூச்சுப்பயிற்சியோ அந்த இடத்தை நிரப்பாது.

ஒரு டிரேடில் ஸ்டாப்லாஸ் அடித்தால் போகக்கூடிய தொகை, மொத்த முதலீட்டில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதிதாக வருபவர்களுக்கு அரை சதவீதம். கணக்கு எளிது. முதலீடு 2,00,000, ஒரு சதவீதம் 2,000. ஒரு பங்கை 480-இல் வாங்குகிறீர்கள், ஸ்டாப்லாஸ் 472. ஒரு பங்குக்கு 8 ரூபாய் ரிஸ்க். 2,000-ஐ 8-ஆல் வகுத்தால் 250 பங்குகள். மார்ஜினில் (புரோக்கர் தரும் கடன் வசதி) 1,000 பங்குகள் வாங்க இடம் இருக்கிறது என்று ஆப் காட்டலாம். அந்த எண்ணுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆப்ஷனில் லாட்டை உடைக்க முடியாது என்பதால் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. லாட் அளவை எக்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும். இங்கே 65 என்று வைத்துக்கொள்வோம். 120 பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலை) வாங்கி 95-இல் ஸ்டாப்லாஸ் என்றால் ஒரு லாட்டுக்கு 25 பெருக்கல் 65, அதாவது 1,625 ரூபாய். இரண்டு லட்சம் முதலுக்கு இது பொருந்தும். ஐம்பதாயிரம் வைத்திருப்பவருக்கு இது 3.25 சதவீதம். அவர் ஆப்ஷனைத் தொடாமல், ஒரு பங்கு இரண்டு பங்கு என்று கேஷ் பிரிவில் (பங்கை நேரடியாக வாங்கும் பிரிவு) பழகுவதே சரி. சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஏன் இவ்வளவு சிறிய அளவு? பாதிக்குப் பாதி ஜெயிக்கும் ஒரு முறையை வைத்து 100 டிரேட் செய்தால், இடையில் எங்காவது தொடர்ந்து ஐந்தோ அதற்கு மேலோ நஷ்டம் வருவதற்கு ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது அது வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு நஷ்டம் வரிசையாக வந்தால், ஒரு சதவீத ரிஸ்க் எடுத்தவர் முதலீட்டில் சுமார் 6 சதவீதத்தை இழந்திருப்பார். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார். பத்து சதவீத ரிஸ்க் எடுத்தவரிடம் 53 சதவீதம்தான் மிச்சம். பழைய இடத்துக்கு வர அவருக்கு 88 சதவீத லாபம் தேவை. அந்த நிலையில் யாருக்கும் நிதானம் இருக்காது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முந்தின இரவும் காலை எட்டரை மணியும்

இரவில் அதிகபட்சம் மூன்று பங்குகள், அல்லது ஒரு இண்டெக்ஸ் (நிஃப்டி போன்ற பங்குக் குறியீடு). ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் பேனாவால் ஐந்து விஷயங்கள் எழுத வேண்டும்: எந்த விலை வந்தால் நுழைவு, ஸ்டாப்லாஸ் எங்கே, முதல் டார்கெட் எங்கே, எத்தனை பங்கு அல்லது லாட், என்ன நடந்தால் இந்த யோசனையே செல்லாது. ஐந்தாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ‘9.30-க்குள் 475-க்குக் கீழே போய்விட்டால் இன்று இந்தப் பங்கைத் தொடுவதில்லை’ என்பதைப்போல் ஒரு வரி போதும்.

பிறகு அந்த நுழைவு விலைகளுக்கு ஆப்பில் அலர்ட் வையுங்கள். விலை வரும்வரை திரையைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நிமிட கேண்டிலை (ஒரு நிமிட விலை நகர்வைக் காட்டும் சார்ட் கட்டை) மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கை அரிக்கத்தான் செய்யும். வலை போட்டவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் மீன் வராது. அலர்ட் அடித்த பிறகு வந்து பார்த்தால், உண்மையில் நுழையத்தக்க இடங்கள் ஒரு நாளில் இரண்டோ மூன்றோதான் என்பது தெரியவரும். சில நாள் ஒன்றுகூட இருக்காது. அந்த நாளையும் நோட்டில் ‘டிரேட் இல்லை, விதிப்படி’ என்று எழுதிவையுங்கள்.

காலை 8.30-க்கு உடம்பையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், காய்ச்சல், வீட்டில் சண்டை, மாதக் கடைசிப் பணமுடை, நேற்றைய பெரிய நஷ்டம், நேற்றைய பெரிய லாபம்: இவற்றில் ஒன்று இருந்தால் பாதி அளவு. இரண்டு இருந்தால் அன்று விடுமுறை. பெரிய லாபத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது தெரியாமல் அல்ல. ‘நம் கணிப்பு பலிக்கிறது’ என்ற மிதப்பில் மறுநாள் லாட்டை இரட்டிப்பாக்கி, வந்ததையும் கையில் இருந்ததையும் சேர்த்து விடுபவர்கள் ஏராளம்.

9.15 முதல் 9.30 வரை எதுவும் செய்ய வேண்டாம். இரவு வந்த செய்திகளுக்கும் தேங்கியிருந்த ஆர்டர்களுக்கும் சந்தை விலை தேடும் நேரம் அது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும்.

ஓடிப்போன விலையைத் துரத்துவது இன்னொரு நோய். எழுதிவைத்த நுழைவு 480. நீங்கள் பார்க்கும்போது 487. ஸ்டாப்லாஸ் அதே 472 என்றால் ரிஸ்க் 8-இலிருந்து 15 ஆகிவிட்டது. அதே 2,000-க்கு இப்போது 133 பங்குகள்தான், டார்கெட்டும் அருகில் வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் தொங்க வேண்டாம். நுழைவு விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் உள்ள தூரத்தில் கால்வாசிக்கு மேல் விலை நகர்ந்துவிட்டால், இந்த எடுத்துக்காட்டில் 482-ஐத் தாண்டிவிட்டால், அந்த டிரேட் போய்விட்டது என்று கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

ஸ்டாப்லாஸ்: போடுவது, போட்டதைத் தொடாமலிருப்பது

‘மனசுக்குள் ஸ்டாப்லாஸ் வைத்திருக்கிறேன்’ என்றால் ஸ்டாப்லாஸ் இல்லை என்று பொருள். வாங்கிய ஆர்டர் நிறைவேறிய அடுத்த நிமிடமே ஸ்டாப்லாஸ் ஆர்டர் சிஸ்டத்தில் இருக்க வேண்டும்.

ஆப்ஷனில் ஒரு நுட்பம் உண்டு. 2021 செப்டம்பர் கடைசி முதல் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் ஆப்ஷன்களுக்கு எஸ்எல்-எம் என்ற மார்க்கெட் வகை (கிடைத்த விலைக்கு விற்கும்) ஸ்டாப்லாஸ் கிடையாது, லிமிட் வகைதான். அதில் டிரிக்கர் விலை (ஆர்டர் உயிர்பெறும் இடம்), லிமிட் விலை (அதற்குக் கீழே விற்காத எல்லை) என இரண்டு. டிரிக்கர் 95, லிமிட் 94.50 என்று ஒட்டி வைத்தால், பிரீமியம் 97-இலிருந்து ஒரே பாய்ச்சலில் 90-க்கு வரும்போது ஆர்டர் நிறைவேறாமல் அந்தரத்தில் தொங்கும். அந்த நொடியில்தான் ‘திரும்பி வரும், பார்ப்போம்’ என்ற எண்ணம் பிறக்கிறது. பெரிய நஷ்டங்கள் பல இங்கேதான் தொடங்குகின்றன. பிரீமியத்தில் 5 முதல் 10 சதவீதம் இடைவெளி விடுங்கள்: டிரிக்கர் 95 என்றால் லிமிட் 88 அளவில். விற்பனை அப்போது கிடைக்கும் நல்ல விலைக்கே நடக்கும். 88 என்பது எல்லை மட்டுமே.

ஸ்டாப்லாஸை லாபப் பக்கம் நகர்த்தலாம். நஷ்டப் பக்கம் ஒரு பைசாகூட நகர்த்தக் கூடாது. இதற்கு விதிவிலக்கே வேண்டாம், ஏனென்றால் விதிவிலக்கு பலித்த நாள்தான் ஆபத்தானது. 2020 மார்ச் 13-ஆம் தேதி நிஃப்டி திறந்த சில நிமிடங்களில் 10 சதவீதம் இறங்கி லோயர் சர்க்யூட்டில் (வர்த்தகம் தானாக நிறுத்தப்படும் இறக்க எல்லை) நின்றது. 45 நிமிட நிறுத்தத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கி, அன்று 3.8 சதவீத ஏற்றத்தில் முடிந்தது. பிடித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ‘எப்படியும் திரும்பும்’ என்ற பாடத்தை அன்று கற்றார்கள். பத்து நாள் கழித்து மார்ச் 23. மறுபடியும் 10 சதவீத இறக்கம், மறுபடியும் 45 நிமிட நிறுத்தம். அன்று திரும்பவில்லை, 13 சதவீத வீழ்ச்சியில் முடிந்தது. சந்தை நிறுத்தப்பட்ட நேரத்தில் இரண்டு நாளும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இதன் இன்னொரு வடிவம், நஷ்டத்தில் இருக்கும் இன்ட்ராடேயை மாலை மூன்று மணிக்கு டெலிவரியாக (பங்கைக் கணக்கிலேயே வைத்துக்கொள்வது) மாற்றிவிடுவது. ஒரு நாளுக்கு என்று எடுத்த பங்கு ‘லாங் டெர்ம்’ ஆகிவிடும். நஷ்டத்தை ஒப்புக்கொள்வதைத் தள்ளிப்போட இதைவிட வசதியான பொத்தான் இல்லை. இன்ட்ராடேயாக வாங்கியதை இன்ட்ராடேயாகவே, 3.10-க்குள் நீங்களே முடியுங்கள். அதற்குப் பிறகு புரோக்கரின் சிஸ்டம் தானாக முடிக்கும்; பலர் அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்வது வேறு கதை, அதன் முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. 1762-இல் தொடங்கிய பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியை நிக் லீசன் என்ற ஒரே டிரேடர் 1995-இல் மூழ்கடித்தார். 88888 என்ற கணக்கில் நஷ்டங்களை மறைத்துவைத்து, அந்த ஜனவரி 17-இல் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானியச் சந்தை இறங்கியபோது நிறுத்தாமல் அந்தச் சந்தையின் குறியீடான நிக்கேயின் ஃபியூச்சர்ஸை மேலும் மேலும் வாங்கினார். மொத்த நஷ்டம் 82 கோடி 70 லட்சம் பவுண்டு. இருநூறு ஆண்டு வங்கியின் முதலே ஆவரேஜ் செய்யப் போதவில்லை.

லாபத்தில் இருக்கும்போதுதான் பொறுமை அதிகம் தேவை

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதிக் காட்டியது இது: லாபம் என்று வரும்போது மனிதர்கள் உறுதியானதைச் சட்டென்று கையில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள், நஷ்டம் என்று வரும்போது அதைத் தவிர்க்க இன்னும் பெரிய ஆபத்தில் இறங்குகிறார்கள். டிரேடிங்கில் இது அப்படியே நடக்கும். லாபம் 600 ரூபாய் தெரிந்ததும் விற்றுவிடுவோம். நஷ்டம் 6,000 ஆகும்வரை உட்கார்ந்திருப்போம்.

இதன் விலையைக் கணக்காகப் பார்க்கலாம். 100 டிரேட், ஒவ்வொன்றிலும் ரிஸ்க் 2,000. 40 ஜெயிக்கிறது, 60 தோற்கிறது. ஜெயித்தவற்றில் தலா 4,000 எடுத்தால் வரவு 1,60,000, செலவு 1,20,000, மிச்சம் 40,000. அதே டிரேடுகளில் பயந்துபோய் 2,000-லேயே விற்றால் 40,000 நஷ்டம். சீக்கிரம் விற்பதால் ஜெயிக்கும் எண்ணிக்கை கொஞ்சம் கூடும் என்பது உண்மை. 48 ஆகக் கூடியதாகவே வைத்தாலும் வரவு 96,000, செலவு 1,04,000. இன்னும் நஷ்டம்தான். புரோக்கரேஜும் எஸ்டிடியும் (பங்கு வர்த்தகத்துக்கான வரி) இதற்கு மேல். முறை மாறவில்லை, சார்ட் மாறவில்லை. காத்திருக்க முடியாததுதான் வேறுபாடு.

கை துறுதுறுக்காமல் இருக்க ஒரு நடைமுறை: 480-இல் வாங்கி 472 ஸ்டாப்லாஸ் என்றால் 488 வரை எதையும் தொடுவதில்லை. 496-இல் பாதியை விற்க லிமிட் ஆர்டர் முன்பே போட்டுவிடுங்கள். அது நிறைவேறியதும் மீதிப் பங்குகளின் ஸ்டாப்லாஸ் 480-க்கு வரட்டும். அதன்பின் ஒவ்வொரு 15 நிமிட கேண்டிலும் முடியும்போது அதன் அடிக்குக் கீழே ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு நிமிட கேண்டிலை வைத்து ஏற்றினால் சின்ன ஆட்டத்திலேயே வெளியே தள்ளப்படுவீர்கள். பொசிஷன் பக்கத்தில் (இன்னும் முடிக்காத டிரேடுகளைக் காட்டும் பக்கம்) ரூபாய்க் கணக்கை மறைக்க ஆப்பில் வழி இருந்தால் மறையுங்கள்; இல்லையென்றால் சார்ட் பக்கத்தில் மட்டும் இருங்கள்.

வாராந்திர ஆப்ஷனை வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. பங்கில் காத்திருப்பதற்குக் காசு இல்லை. வாங்கிய ஆப்ஷனில் காத்திருப்பதற்கு ஒவ்வொரு மணி நேரமும் வாடகை உண்டு, எக்ஸ்பைரி நாளன்று (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) அந்த வாடகை மிகக் கடுமை. நிஃப்டி அசையாமல் நின்றாலும் பிரீமியம் கரையும். எனவே விலைக்கு ஸ்டாப்லாஸ் வைப்பதுபோல் நேரத்துக்கும் வைக்க வேண்டும்: வாங்கி 30 நிமிடத்தில் எதிர்பார்த்த பக்கம் நகரவில்லையா, வெளியேறுங்கள். ஆப்ஷன் வாங்குபவருக்குப் பொறுமை நுழைவதற்கு முன்புதான். நுழைந்த பிறகு பொறுமை என்பது பல நேரம் பிடிவாதத்தின் வேறு பெயர்.

தேர்தல் முடிவு, பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு நாட்களில் டிரேட் வேண்டாம். 2024 ஜூன் 3-இல் கருத்துக்கணிப்பை நம்பி நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது, 4-இல் 5.93 சதவீதம் விழுந்தது, 5-இல் 3.36 சதவீதம் ஏறியது. ஆசையில் ஒரு நாளும் பயத்தில் மறுநாளும் ஆர்டர் போட்டவர்கள் இரண்டு பக்கமும் அடிவாங்கினார்கள்.

நாளைப் பூட்டுவது

ஒரு நாளில் மூன்று டிரேடு. நாள் நஷ்ட வரம்பு 2 சதவீதம், வார வரம்பு 5 சதவீதம். தொடர்ந்து இரண்டு ஸ்டாப்லாஸ் அடித்தால் அன்றைய கடை மூடல், காலை பத்து மணியாக இருந்தாலும் சரி. எழுதிவைத்தால் மட்டும் இது நிற்காது. ஆகவே:

பெரும்பாலான ஆப்களில் கில் சுவிட்ச் இருக்கிறது. அதை இயக்கினால் தேர்ந்தெடுத்த பிரிவில் சில மணி நேரத்துக்கு ஆர்டர் போட முடியாது. பெரும்பாலும் திறந்த பொசிஷன் எதுவும் இல்லாதபோதுதான் அது இயங்கும் என்பதால், எல்லாவற்றையும் முடித்த கையோடு அழுத்துங்கள். ‘இன்னும் ஒரு முறை சார்ட் பார்த்துவிட்டு’ என்று தள்ள வேண்டாம். சந்தை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலேயே அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்வது நல்லது. கோபத்தில் இருப்பவருக்கு அது கண்ணில் படாது.

அடுத்தது பணம் உள்ளே வரும் வழி. யுபிஐ-யில் பத்து நொடியில் பணம் சேர்க்க முடிகிறவரை எந்த வரம்பும் வரம்பு ஆகாது. சம்பளக் கணக்கை டிரேடிங் கணக்கிலிருந்து விலக்குங்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அதை மட்டும் இணையுங்கள். அதற்கு மாதம் ஒரு முறை, முடிவுசெய்த தொகையை மட்டும் மாற்றுங்கள். அந்த வங்கியின் ஆப் போனில் இருக்கத் தேவையில்லை. லாபத்தில் பாதியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியே எடுத்துவிடுங்கள். கையில் வந்த பணமே லாபம் என்று மனம் நம்பும்.

டிப்ஸ் தரும் டெலிகிராம் குழுக்களைச் சந்தை நேரத்தில் மியூட் செய்வது போதாது, வெளியேறிவிடுங்கள். அடுத்தவரின் லாப ஸ்கிரீன்ஷாட் அளவுக்குக் கையை அவசரப்படுத்தும் பொருள் வேறில்லை.

சனிக்கிழமை நோட்டு

ஒவ்வொரு டிரேடுக்கும் ஒரு வரி: நேரம், நுழைவு, ஸ்டாப்லாஸ், வெளியேறிய விலை, ரூபாய், அப்போது இருந்த மனநிலை ஒரே சொல்லில் (நிதானம், பயம், எரிச்சல், சலிப்பு), கடைசியாக ‘வி’ அல்லது ‘மீ’. ‘வி’ என்றால் விதிப்படி, ‘மீ’ என்றால் மீறல். லாபம் வந்த மீறலுக்கும் ‘மீ’ தான்.

சனிக்கிழமை ‘வி’ டிரேடுகளின் கூட்டுத்தொகையையும் ‘மீ’ டிரேடுகளின் கூட்டுத்தொகையையும் தனித்தனியாகப் போடுங்கள். ‘வி’ லாபத்திலும் ‘மீ’ நஷ்டத்திலும் இருந்தால் முறை சரி, மனத்தைத்தான் கட்ட வேண்டும். ‘வி’யே நஷ்டத்தில் இருந்தால் எவ்வளவு பொறுமை காட்டினாலும் பயனில்லை, முறையை மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல், நஷ்டம் வந்ததெல்லாம் ‘என் சைக்காலஜி சரியில்லை’ என்று வருடக்கணக்கில் தம்மையே திட்டிக்கொள்பவர்கள் உண்டு. மனநிலைப் பத்தியையும் கூட்டிப் பாருங்கள். பலருக்குப் பயத்தைவிடச் சலிப்பில்தான், அதிலும் மதியம் 12 முதல் 2 வரை சந்தை தூங்கும் நேரத்தில்தான், வீண் டிரேடுகள் அதிகம் என்று தெரியவரும். அப்படி வந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை மொத்தமாக மூடிவிடுங்கள்.

அளவைக் கூட்டுவதும் இந்த நோட்டை வைத்துத்தான். தொடர்ந்து 40 டிரேடுகளில் ‘மீ’ இரண்டுக்கு மேல் இல்லை, ‘வி’ லாபத்தில் இருக்கிறது என்றால் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்குப் போகலாம். வார வரம்பு உடைந்தால் அடுத்த 20 டிரேடுக்குப் பழைய அளவு.

முழுமையாக நிறுத்த வேண்டிய இடம்

சில அறிகுறிகள் வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. கடன் ஆப்பில் வாங்கிய பணமோ, கிரெடிட் கார்டு பணமோ, நகையை அடகு வைத்த பணமோ டிரேடிங் கணக்குக்குள் போயிருக்கிறது. வீட்டில் நஷ்டத்தைக் குறைத்துச் சொல்லியாகிறது. விடுமுறை நாளில் சந்தை இல்லை என்பதே எரிச்சலாக இருக்கிறது. வரம்பைப் போட்டுப் போட்டு மூன்று மாதத்தில் மூன்று முறை உடைத்தாயிற்று. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பொசிஷன்களை முடித்துவிட்டு, எஃப் அண்ட் ஓ பிரிவையே நீக்கச் சொல்லிப் புரோக்கரிடம் கோரிக்கை கொடுங்கள். டிமேட் கணக்கில் உள்ள நீண்டகாலப் பங்குகளுக்கு அதனால் எதுவும் ஆகாது. எவ்வளவு போயிருக்கிறது என்ற முழு எண்ணையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாத அளவுக்கு மனம் ஒடிந்திருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.